கணக்குத் தலைப்புகளை வகுப்பது யார்?

நெசவாளர்களும் பயிர்த்தொழில் செய்வோரும் படிக்கின்ற இவ்விதழில் பல்கலைக் கழகக் கணக்கைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் கூறுவது என் முதற் கடமையாகும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி வழிக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை இசைவளித்தது. 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான ஒரு கணக்கு முறை வேண்டும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை. பொதுவான கணக்கு முறை என்றால் பொதுவான கணக்குத் தலைப்பு அட்டவணை என்று பொருள். பேரேட்டின் முதற் பக்கத்தில் நம் காரியதரிசிகளும் குமாஸ்தாக்களும் தம் கையால் எழுதி வைத்திருந்த தலைப்புகளின் இடத்தில், வேறெங்கோ அமர்ந்து ஒருவர் வகுத்த குறியெண்கள் வந்து சேர்கின்றன. கடன் சங்கங்களுக்கு வந்தது நெசவாளர் சங்கங்களுக்கும் விற்பனைச் சங்கங்களுக்கும் வராது என்று எவரும் சொல்ல இயலாது.

இத்தகைய மாற்றத்தைப் பல்கலைக் கழகங்கள் நமக்கு முன்பே கண்டிருக்கின்றன. அவற்றிற் சில நன்கு செய்தன. சில பெரும் பொருளை இழந்து பாடம் கற்றன. சங்கப் பணிக்கு வருமுன் 22 ஆண்டுகள் ஒரு பல்கலைக் கழகத்தின் கணக்கு அலுவலகத்தில் ஊழியம் செய்தவன் என்ற முறையில், அப்பாடம் நமக்கும் உரியது என்று கருதுகிறேன்.

கணக்குத் தலைப்பு அட்டவணை யாதெனச் சுருங்கக் கூறுவேன். பணம் வந்தாலும் போனாலும் அதனை எப்பெயரின் கீழ் எழுதுவது என்று முன்கூட்டியே வரையறுத்து வைக்கும் பட்டியல் அது. பங்குத் தொகை, சிக்கன நிதி, நூல் கொள்முதல், நெசவுக் கூலி, துணி விற்பனை, தள்ளுபடி மானியம் என்று நாம் எழுதுகின்றோமே, அவையே நம் அட்டவணை. பேரேட்டில் இல்லாத தலைப்பில் எதனையும் பதிய இயலாது. பதியாததை ஆண்டு முடிவில் எவராலும் கூட்டிச் சொல்லவும் இயலாது. ஆகவே ஆண்டுப் பொதுக்குழுவில் அங்கத்தினர் ஒருவர் எழுந்து கேட்கக்கூடிய கேள்விகளில் எவற்றுக்கு விடை கிடைக்கும், எவற்றுக்குக் கிடைக்காது என்பது, அட்டவணையை எழுதிய நாளிலேயே முடிவாகி விடுகிறது. இதனைக் கணக்கர்களின் உள் விவகாரம் என்று நாம் ஒதுக்கி வைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை.

பல்கலைக் கழகம் ஓர் ஆலையைப் போன்றதன்று. ஆலைக்கு முதலாளியின் பணம் ஒன்று. ஆண்டு முடிவில் இலாபமா நட்டமா என்பது கேள்வி. பல்கலைக் கழகத்திலோ மாணாக்கர் கட்டிய சம்பளம், அரசாங்க மானியம், ஆராய்ச்சிக்கென்று தனித்து வந்த தொகை, இறந்தவர் நினைவாக வைத்த அறக்கட்டளை, விடுதி உணவுப் பணம், அச்சகத்தின் வரவு என்று பற்பல பைகள் உண்டு. ஒவ்வொரு பைக்கும் ஒரு வாக்குறுதி உண்டு. வங்கியில் இவை யாவும் ஒரே கணக்கிற் கிடக்கலாம். ஆனால் ஏட்டில் ஒன்றோடொன்று கலத்தல் ஆகாது. நம் சங்கங்களிலும் இதுவே நிலை. நெசவாளியின் கூலியிற் பிடித்த சிக்கன நிதியும் சங்கத்தின் நடைமுறை முதலும் ஒரே இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. முன்னது அவருடையது, பின்னது சங்கத்தினுடையது என்று காட்டுவது ஏடு ஒன்றே.

இவ்வாக்குறுதிகள் எத்துணை நுட்பமானவை என்பதற்கு அமெரிக்க நாட்டின் வேளாண்மைப் பல்கலைக் கழகங்களைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1862 ஆம் ஆண்டின் மாரில் சட்டம், ஒவ்வொரு மாநிலத்துக்கும், தேசியச் சபைகளிலுள்ள அதன் ஓர் உறுப்பினருக்கு 30,000 ஏக்கர் வீதம் நிலம் அளித்தது. அந்நிலத்தை விற்ற பணம் என்றும் குறையா மூலநிதியாக நிற்க வேண்டும். வட்டியைக் கொண்டு வேளாண்மையும் தொழிற்கலையும் கற்பிக்கும் கல்லூரி நடத்தலாம். ஆனால் அம்மூலநிதியிலோ வட்டியிலோ ஒரு டாலரேனும் எடுத்துக் கட்டடம் கட்டவோ பழுது பார்க்கவோ கூடாது. கல்லூரி மனைக்கோ பரிசோதனைப் பண்ணைக்கோ நிலம் வாங்க மட்டும், மூலத்தில் பத்தில் ஒரு பங்கு வரை எடுக்கலாம். மூலநிதி எவ்வாறேனும் குறைந்து போனால் மாநிலம் தன் கையிலிருந்து இட்டு நிரப்ப வேண்டும்.

1887 இல் ஹாட்ச் சட்டம் வந்தது. அது பயிர் ஆராய்ச்சி நிலையங்களுக்கு மாநிலந்தோறும் ஆண்டுக்கு 15,000 டாலர் வழங்கிற்று. இங்கே கட்டடத்துக்கு அனுமதி உண்டு. முதலாண்டில் ஐந்தில் ஒரு பங்கு, பின்னர் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாமல். 1914 இல் ஸ்மித்-லீவர் சட்டம், ஆராய்ச்சியிற் கண்டதைக் குடியானவனின் வயலுக்குக் கொண்டு செல்லும் விரிவாக்கப் பணிக்குப் பணம் ஒதுக்கிற்று. அதில் கட்டடம் கூடாது. நிலம் வாங்குதலும் குத்தகைக்கு எடுத்தலும் கூடாது. கல்லூரி வகுப்பில் பாடம் நடத்துதல் கூடாது. அக்காலத்தில் கண்காட்சிப் பெட்டிகளை இணைத்து ஊரூராய் ஓட்டிவந்த வேளாண்மை ரயில்களுக்கும் செலவிடக் கூடாது. துண்டுப் பிரசுரம் அச்சிடுவதற்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகலாகாது. மத்திய அரசும் மாநிலமும் மாவட்டமும் சேர்ந்து சுமப்பதால் அப்பணிக்கே 'கூட்டுறவு விரிவாக்கம்' என்று பெயர் வழங்குகிறது. நம் அங்கத்தினர்கள் இப்பெயரைக் கேட்டு மகிழ்வார்கள்.

இம்மூன்று சட்டங்களையும் படித்துவிட்டுக் கணக்கு அலுவலகத்தின் நாற்காலியில் அமர்ந்து பாருங்கள். கலிபோர்னியாவில் டேவிஸ் என்னும் ஊர் இருக்கிறது. 1905 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அங்கே பல்கலைக் கழகப் பண்ணை ஏற்பட்டது. 1959 இல் அது கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தின் முழு வளாகங்களில் ஒன்றாயிற்று. அங்கே மண்ணியல் வல்லுநர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். அவர் திங்களன்று மாணாக்கருக்குப் பாடம் சொல்கிறார். செவ்வாயன்று ஆராய்ச்சிச் சாலையில் உப்பு மண்ணைச் சோதிக்கிறார். புதனன்று தக்காளி பயிரிடுவோரைக் கூட்டி வைத்து உப்பு மண்ணைத் திருத்தும் வழியை விளக்குகிறார். ஆள் ஒருவர், துறை ஒன்று, செலவின் இனமும் சம்பளம் என்பது ஒன்றே. ஆயினும் பணி மூன்று, பை மூன்று. புதன்கிழமைப் பணத்தைத் திங்கட்கிழமைக்குச் செலவிட்டால் சட்ட மீறல் ஆகும். 1914 ஆம் ஆண்டின் விதிப்படி, அவர் அச்சிட்ட பிரசுரத்துக்கு விரிவாக்கப் பையிலிருந்து எவ்வளவு போயிற்று என்பதையும் தனியே காட்டியாக வேண்டும். வேறு பையிலிருந்து அச்சிட்டிருந்தால் அந்த வரம்பு அதனைத் தீண்டாது.

ஆகவே ஒவ்வொரு செலவுக்கும் நான்கு கேள்விகள் உள்ளன. இது யார் பணம்? யார் செலவிட்டார்? என்ன வாங்கினார்? எப்பணிக்காக? இந்நான்கும் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுபவை. பாவும் ஊடையும் போல என்று நம்மவர்க்குச் சொன்னால் விளங்கும். ஒன்றின் விடையைக் கொண்டு மற்றொன்றை ஊகிக்க இயலாது.

அட்டவணை வகுப்போர் செய்யும் முதற் பிழை இந்நான்கையும் ஒரே எண்ணில் திணிப்பது. '4127 – மண்ணியல் துறை, விரிவாக்க நிதி, அச்சுச் செலவு' என்று ஒரு தலைப்பு; '4128 – மண்ணியல் துறை, ஆராய்ச்சி நிதி, அச்சுச் செலவு' என்று அடுத்தது. தொடங்கும்போது எளிதாகத் தோன்றும். 40 துறை, 30 நிதி, 100 செலவினம் உள்ள நடுத்தரக் கல்விச் சாலையில் எல்லாச் சேர்க்கைக்கும் தலைப்பு வைத்தால் 1,20,000 தலைப்புகள் ஆகும். அவற்றையே மூன்று தனிக் கூறுகளாகப் பிரித்து, துறைக்கு ஓர் எண், நிதிக்கு ஓர் எண், இனத்துக்கு ஓர் எண் என்று பக்கத்தில் பக்கமாக எழுதினால் 170 குறியெண்களே போதும். புதிய துறை ஒன்று ஏற்பட்டால் முன்னதில் 3,000 தலைப்புகள் புதிதாக வேண்டும். பின்னதில் ஒன்றே ஒன்று. பெருக்கல் வாய்பாடு அறிந்த எவரும் எதனைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒற்றை எண் முறையைப் பெருமையுடன் நடத்திய அலுவலகங்களை நானே கண்டிருக்கிறேன்.

நான் ஊழியம் செய்த இடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பழைய மாணவர் ஒருவரின் மனைவியார், கணவர் நினைவாக ஒரு தொகை கொடுத்து, அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் தாவரவியலில் முதன்மை பெறும் ஏழை மாணவிக்குப் பரிசு வழங்குமாறு எழுதி வைத்தார். எங்கள் பேரேட்டில் வரவு எங்கிருந்து வந்தது என்பதற்கு இடமில்லை; இனம் மட்டுமே உண்டு. ஆகவே வட்டி 'இதர வரவு' என்ற தலைப்பிற் சேர்ந்தது. மூத்த குமாஸ்தா ஒருவர் தம் சொந்தக் குறிப்புப் புத்தகத்தில் அத்தகைய அறக்கட்டளைகளைத் தனியே எழுதி வைத்து, உரிய காலத்தில் நினைவூட்டிப் பரிசை வழங்கச் செய்து வந்தார். அவர் ஓய்வு பெற்றார். புத்தகமும் அவரோடு போயிற்று. பின் ஒன்பது ஆண்டுகள் பரிசு வழங்கப்படவில்லை. எவரும் ஒரு காசும் திருடவில்லை. தணிக்கையில் குறையும் வரவில்லை. கூட்டுத் தொகை சரியாகத்தானே இருந்தது! அம்மூதாட்டி ஒருநாள் நேரில் வந்து, பரிசு பெற்ற பெண்களின் பெயரைத் தெரிந்துகொள்ள விரும்புவதாகச் சொன்னபோதுதான் செய்தி வெளிப்பட்டது. நானே அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். அவர் காத்திருந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் புரட்டிய ஏடுகளில் அவர் கணவரின் பெயர் எங்கும் இல்லை.

அன்று முதல் எனக்கு ஓர் உறுதி: நான்கு கேள்விகளில் 'யார் பணம்' என்பதை மற்றெதனோடும் கலக்கலாகாது. துறை மறைந்து வேறு துறையோடு சேரலாம். இனங்களின் பெயர் மாறலாம். கொடுத்தவரின் சொல் மாறாது.

இனி அடுத்த கேள்வி. நான்கு விடைகளையும் எழுதுவது யார், எப்போது? இதிலேதான் அறிஞர்களிடையே வேறுபாடு.

2005 ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் சில, கணக்குக் கணிப்பொறி முறையை வணிக நிறுவனங்களிடம் விலைக்கு வாங்குவதை விட்டு, தாமே கூடி ஒன்றை ஆக்கிக்கொள்ள முனைந்தன. இந்தியானா, ஹவாய், கார்னெல், மிஷிகன் மாநிலம், அரிசோனா ஆகிய பெரிய பல்கலைக் கழகங்களோடு ஸ்டாக்டனில் உள்ள சான் ஹோவாக்கின் டெல்டா என்னும் சிறு கல்லூரியும் அக்கூட்டில் சேர்ந்தது. மெல்லன் அறநிலையம் 25 லட்சம் டாலர் உதவிற்று. ஆக்கியதை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்தார்கள். அதற்கு இட்ட பெயர் 'குவாலி'. மலாய் மொழியில் வாணலி என்று பொருள். மலேயா சென்று மீண்ட நம் பெரியோர்க்குத் தெரிந்த சொல்லாக இருக்கும். 2014 இல் அதன் பொறுப்பை ஒரு வணிகக் கம்பெனி ஏற்றபோது, கூட்டுறவு உணர்ச்சி குன்றிவிட்டதென்று வருந்தியவர்கள் உண்டு. அது வேறு கதை.

குவாலியின் அட்டவணையில் குமாஸ்தா எழுத வேண்டியவை முக்கியமாக இரண்டே: ஏழெழுத்தில் ஒரு கணக்கெண், நான்கெழுத்தில் ஓர் இனம். கணக்கெண்ணைத் தொடங்கும்போதே அது எந்த நிதி, எந்தத் துறை, எந்தப் பணி என்பதை மத்திய அலுவலகம் ஆராய்ந்து பதிந்து வைத்துவிடும். உப்பு மண் விரிவாக்கத்துக்கு ஒரு கணக்கெண் என்றால், அவ்வெண்ணை எழுதிய மாத்திரத்தில் மற்ற மூன்று விடைகளும் தாமே வந்து சேரும். எண்ணைத் தொடங்கும்போது ஒருமுறை பாடுபட்டால் போதும், நாள்தோறும் படவேண்டாம்.

கலிபோர்னியப் பல்கலைக் கழகம் பின்னர் வேறு வழி சென்றது. பத்து வளாகங்களும் பல ஆண்டுகளாகத் தத்தமக்கென்று ஒரு கணக்கு மொழி பேசி வந்தன. அவற்றைக் கூட்டிப் பார்ப்பதே பெரும்பாடாயிருந்தது. ஆகவே எல்லா வளாகங்களுக்கும் பொதுவான அட்டவணை வகுத்தார்கள். அதில் நிதிக்கு 5 எழுத்து, துறைக்கு 7, இனத்துக்கு 6, பணிக்கு 2. பணிக் குறியெண் 40 எனில் கற்பித்தல், 44 எனில் ஆராய்ச்சி, 62 எனில் பொதுச் சேவை. நம் மண்ணியல் வல்லுநரின் மூன்று நாட்களும் இவ்வெண்களில் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. இதனை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அத்தோடு நிற்கவில்லை. ஸ்தாபனம், திட்டம், செயல், வளாகங்களிடைக் கணக்கு என்று விரிந்து, எதிர்காலத்துக்கென்று இரண்டு கூறுகளும் சேர்ந்து, ஆகமொத்தம் 11 கூறுகள், ஏறத்தாழ 60 எழுத்துகள் ஆயின. எதிர்காலக் கூறுகளில் இப்போது சுழிகளை நிரப்புகிறார்கள். டேவிஸ் வளாகம் 2024 ஜனவரியில் குவாலியை விட்டு இப்புதிய முறைக்கு வந்தது.

பத்து வளாகங்களைக் கூட்டிப் பார்க்கும் தலைமை அலுவலகத்துக்கு இது பெரும் வசதி என்பதை மறுக்கவில்லை. மறைந்து நிற்கும் விடையைவிட வெளிப்பட எழுதிய விடை தணிக்கைக்கு நல்லது என்று வாதிப்போரும் உண்டு. குவாலி முறையில் கணக்கெண்ணைத் தொடங்கியவர் தவறாகப் பதிந்துவிட்டால், அதன்மேல் எழுதும் ஆயிரம் பதிவுகளும் தவறாகும். எவர் கண்ணிலும் படாது. இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. இருந்தும் என் அபிப்பிராயம் குவாலியின் பக்கமே சாய்கிறது. கணிப்பொறி அறுபதெழுத்தைத் தாங்கும், அதற்குக் களைப்பில்லை. பண்டகசாலையில் மாலை ஐந்து மணிக்கு ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்குக் களைப்பு உண்டு. விடை தெரியாத கேள்வியை அவரிடம் கேட்டால் அவர் கேள்வியை விட்டுவிட மாட்டார். ஏனெனில் கட்டம் நிரம்பாமல் பொறி நகராது. நேற்று எழுதியதை இன்றும் எழுதுவார், அல்லது பட்டியலில் முதலில் தோன்றுவதை எழுதுவார். அவ்வாறு நிரம்பிய கட்டங்களிலிருந்து தலைமை அலுவலகம் வண்ணப் படங்கள் வரைந்து ஆட்சிக் குழுவின் முன் வைக்கும். படம் அழகாகவே இருக்கும்.

பயன்படுத்துவோரைக் கலக்காமல் கணக்கு முறையை மாற்றினால் என்ன நேரும் என்பதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ். பல நூற்றாண்டுப் பழமையுடைய அப்பல்கலைக் கழகம், ரொக்க வரவு செலவை மட்டும் காட்டிய தன் பழைய முறையை விட்டு, வாங்குவதாக ஒப்புக்கொண்ட பொறுப்புகளையும் அன்றன்றே காட்டும் 'கேப்ஸா' என்ற புதிய முறைக்கு 2000 ஆகஸ்டில் மாறிற்று. ஏறத்தாழ 90 லட்சம் பவுன் செலவாயிற்று. துறைகளில் இருந்தோர் தம் கையிருப்பு எவ்வளவென்று அறியவும் இயலாமல் தவித்தனர். பட்டியல் அனுப்பிய வணிகர்களுக்குப் பணம் தாமதப்பட்டது. பல்கலைக் கழகமே இரு அறிஞர்களை அமர்த்தி விசாரித்தது: கணிப்பொறித் துறைப் பேராசிரியர் ஆண்டனி பிங்கல்ஸ்டைன், வாரிக் பல்கலைக் கழகத்தின் முன்னாள் பதிவாளர் மைக்கேல் ஷாட்டக். 2001 நவம்பரில் அவர்களுடைய அறிக்கை வெளிவந்தது. திட்ட நிர்வாகம் தளர்ந்திருந்தது, அன்றாடம் பயன்படுத்துவோரைப் போதிய அளவு கலந்துகொள்ளவில்லை, பயிற்சி குறைவு, சோதனை குறைவு, முதிராத முறையை நாள் குறித்தபடி தொடங்கிவிட்டார்கள் என்பன அதிற் காணும் குறைகள். தன் குறையைத் தானே விசாரித்து அச்சிட்டு வெளியிட்ட அப்பல்கலைக் கழகத்தின் நேர்மையை நான் மதிக்கிறேன். நம் நாட்டில் அத்தகைய அறிக்கைகள் பெரும்பாலும் பீரோவுக்குள் உறங்குகின்றன.

இன்னொரு பிழையும் அடிக்கடி நேர்வது. மேலிடத்துக்கு அனுப்பவேண்டிய ஆண்டறிக்கைப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதன் வரிசைப்படியே தலைப்புகளை வகுத்துவிடுகிறார்கள். படிவம் நிலையானதன்று. அமெரிக்கத் தனியார் பல்கலைக் கழகங்களுக்கு 1993 இல் வந்த கணக்கு நெறி, நிதியை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டச் சொல்லிற்று: கட்டுப்பாடற்றது, சிலகாலம் கட்டுப்பட்டது, என்றும் கட்டுப்பட்டது. 2016 இல் வந்த திருத்தம், கொடுத்தவரின் கட்டுப்பாடு உள்ளது, இல்லாதது என்று இரண்டாக்கிற்று. மூன்று வகையையும் குறியெண்ணின் முதல் இலக்கத்திலே பொறித்து வைத்தவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. நிதி ஒவ்வொன்றையும் தனியே வைத்து, அது எவ்வகை என்பதைப் பக்கத்தில் குறித்து வைத்தவர்கள் குறிப்பை மட்டும் திருத்திக்கொண்டார்கள். நம் நாட்டிலும் மத்தியக் கல்வி நிலையங்களுக்கு 2014-15 ஆம் ஆண்டுக் கணக்கு முதல் புதிய படிவம் வந்தது. குறித்த நோக்கமுள்ள நிதிகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் அதில் தனி அட்டவணை உண்டு. எங்களைப்போல் 'இதர வரவில்' வைத்திருந்தவர்கள் அதனை எவ்வாறு நிரப்பியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

நல்ல அட்டவணைக்கு வெகுதூரம் போகவும் வேண்டாம். 1974 இலும் 1987 இலும் திருத்தியமைத்த இந்திய அரசாங்கக் கணக்குத் தலைப்புகளையே பாருங்கள். கூட்டுறவுக்கு உரிய எண் 425. முன்னால் 0 வந்து 0425 எனில் வரவு. 2425 எனில் நடைமுறைச் செலவு. 4425 எனில் மூலதனச் செலவு. 6425 எனில் கடன். கல்விக்கும் இவ்வாறே 0202, 4202, 6202. பொதுக் கல்விச் செலவு 2202. அதில் உயர்கல்வி 03. பல்கலைக் கழக உதவி 102. கைத்தறிக்கு 2851 இன் கீழ் 103. நம் சங்கத்துக்கு வரும் மானிய ஆணைகளின் அடியில் இவ்வெண்களை நீங்கள் கண்டிருப்பீர்கள்; கண்டும் கடந்திருப்பீர்கள். முதல் இலக்கத்தைப் பார்த்தே வந்தது மானியமா கடனா என்று சொல்லிவிடலாம். இத்தகைய அட்டவணையைக் கற்பது ஓர் அரைநாள் வேலை. ஆயினும் இது பணம் கொடுப்பவரின் பார்வையில் வகுத்தது. பெற்ற சங்கம் அதனை எந்தத் தறிக்கு, எந்த வயலுக்குச் செலவிட்டது என்பது அதன் பதினைந்து இலக்கங்களிலும் இல்லை. இருக்க வேண்டியதும் அங்கில்லை, நம் பேரேட்டில்.

எனவே பொதுக் கணக்கு முறை வரும்போது நம் சங்கங்கள் சிலவற்றில் உறுதியாக நிற்க வேண்டும் என்பது என் கருத்து. சிக்கன நிதி, அரசு மானியம், அங்கத்தினர் வைப்பு, சங்கத்தின் சொந்த நிதி ஆகியவற்றுக்கு 'யார் பணம்' என்னும் தனிக் கூறு கேட்க வேண்டும். இனத்தின் பெயருக்குள் அதனை ஒளித்து வைக்கச் சம்மதிக்கலாகாது. 'இதர' என்ற தலைப்பை ஒழிக்க இயலாது. ஆனால் மாதந்தோறும் அதில் என்ன விழுந்தது என்று நிர்வாகக் குழு ஒருமுறை வாசித்துக் கேட்கலாம். புதிய தலைப்புத் தொடங்கும் உரிமை எவரிடம் உள்ளது என்பதை எழுத்தில் பெற வேண்டும். எல்லோருக்கும் அவ்வுரிமை இருந்தால் ஐந்தாண்டில் ஒரே செலவுக்கு ஏழு தலைப்புகள் இருக்கும்; எட்டாத உயரத்தில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் எல்லாம் 'இதர'வுக்குப் போகும். மாவட்ட அளவில் ஒருவரிடம் இருப்பதே பொருத்தம் என்று தோன்றுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சோதனை. அட்டவணை அச்சாகுமுன் சங்கத்தின் பழைய சிட்டைகளில் நூற்றை எடுத்து, நம் குமாஸ்தாவின் முன் வைத்து, எவரையும் கேளாமல் குறியெண் இடச் சொல்ல வேண்டும். அவற்றையே பக்கத்துச் சங்கத்துக் குமாஸ்தாவிடமும் தனியே கொடுக்க வேண்டும். இருவரும் வேறுபட்ட இடங்களை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு அட்டவணை வகுப்போரிடம் போகலாம். தவறு குமாஸ்தாக்களுடையது என்று அவர்கள் சொல்லக்கூடும். அதனை ஏற்றுக்கொள்ளாமல், அந்தத் தலைப்பைத் திருத்தும் வரை அங்கேயே அமர்ந்திருக்க வேண்டும். கடன் சங்கமாயின் குறுவைக் கடன் வழங்கும் ஜூன், ஜூலைச் சிட்டைகளை எடுக்கலாம். நெசவாளர் சங்கத்துக்கு, தீபாவளி விற்பனைக்காக நூல் கொள்முதலும் கூலியும் தள்ளுபடியும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும் செப்டம்பர் மாதமே பொருத்தமானது.